வெள்ளியிலேயே போடுங்கள்: கேமரன் மலையில் இந்திய கிரெடிட் கார்டு

இந்திய வங்கி கொடுத்த கிரெடிட் கார்டு மலேசியாவின் கேமரன் மலையில் செல்லும். ஆனால் எல்லாக் கடையிலும் செல்லாது. செல்லும் கடையிலும் எல்லோருக்கும் ஒரே விலைக்குச் செல்லாது. சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தின் விற்பனைக்கூடத்தில் இருவர் தலைக்கு 300 ரிங்கிட்டுக்குத் தேயிலை வாங்குகிறார்கள். இருவரிடமும் இருப்பது ஒரே வங்கியின் ஒரே வகைக் கார்டு. ஆனாலும் ஊர் திரும்பியபின் வரும் பில்லில் ஒருவருக்கு இருநூறு ரூபாய் வரை கூடுதலாக இருக்கக்கூடும். கல்லாவில் இருக்கும் கருவி கேட்ட ஒரு கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் அந்த வித்தியாசம். அந்தக் கேள்வி என்ன, அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள, அந்த மலையில் பணம் எப்படிப் புழங்குகிறது என்பதையும் கார்டு எப்படி வேலை செய்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேமரன் மலை பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பேராக், கிளந்தான் மாநிலங்களின் எல்லையை ஒட்டி இருக்கிறது. 1885ல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 1929ல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933ல் பாரத் தேயிலை நிறுவனம் வந்தது. காட்டை அழித்து, சரிவுகளில் தேயிலை நட்டு, கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். இன்று கூடையோடும் வெட்டுக் கருவியோடும் சரிவில் நிற்பவர்கள் பெரும்பாலும் வங்கதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆனாலும் தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் ஊர்களின் கடைத்தெருவில் தமிழ் பேசிச் சாமான் வாங்கலாம். ரிங்கிட்டை மலேசியத் தமிழர் வெள்ளி என்பார்கள். ‘பத்து வெள்ளி’ என்றால் பத்து ரிங்கிட்.

பணம் வாங்கும் முறையில் இந்த மலை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. தேயிலை நிறுவனங்களின் விற்பனைக்கூடம், அவற்றின் சிற்றுண்டிச்சாலை, நட்சத்திர விடுதி, பேரங்காடி ஆகியவை ஒரு பக்கம். இங்கே விசா, மாஸ்டர்கார்டு முத்திரை உள்ள கார்டுக்குத் தயக்கமில்லை. சாலையோரச் சோளம், வேகவைத்த சர்க்கரைவள்ளி, ஸ்ட்ராபெர்ரி, தேன், காய்கறிக் கடைகள், பிரிஞ்சாங் பக்கத்து இரவுச் சந்தை, தாப்பா சாலையில் பழங்குடியான ஓராங் அஸ்லி மக்கள் போட்டிருக்கும் சிறு கடைகள் எல்லாம் மறுபக்கம். இவை ரொக்கத்தையோ மலேசியாவின் கியூஆர் முறையையோ நம்பி நடப்பவை. ‘துனாய் சஹாஜா’ என்று பலகை தொங்கினால் ரொக்கம் மட்டும் என்று பொருள். தேயிலைத் தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் கார்டோடு சமாளித்துவிடலாம். வழியெல்லாம் வண்டியை நிறுத்தி வாங்கித் தின்ன ஆசைப்படுகிறவருக்குக் கையில் வெள்ளி வேண்டும். மலைக்குப் போகும் பெரும்பாலோர் இரண்டாம் வகைதான்.

கார்டைத் தட்டியபின் நடப்பது

கல்லாவில் கார்டைக் கருவியின்மேல் தட்டியதும், அந்தக் கடைக்குக் கருவி கொடுத்த மலேசிய வங்கிக்குச் செய்தி போகிறது. அது விசா அல்லது மாஸ்டர்கார்டு வலையமைப்பிடம் கேட்கிறது. வலையமைப்பு சென்னையிலோ மும்பையிலோ உள்ள கார்டு கொடுத்த வங்கியிடம் கேட்கிறது. கார்டு உயிரோடு இருக்கிறதா, வரம்பில் இடம் இருக்கிறதா, வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று பார்த்து வங்கி சரி சொன்னால், இரண்டு மூன்று நொடிகளில் ரசீது வந்துவிடும். அப்போது கிடைப்பது ஒப்புதல் மட்டுமே. கணக்கு உண்மையில் தீர்வது ஓரிரு நாள் கழித்து. எனவே செலவு செய்த நாளில் கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியில் உள்ள ரூபாயும், மாத முடிவில் பில்லில் ஏறும் ரூபாயும் சற்று முன்பின்னாக இருக்கும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

ரிங்கிட்டை ரூபாயாக்கும் மாற்று விலையை வலையமைப்புகள் நாள்தோறும் நிர்ணயிக்கின்றன. தங்கள் இணையதளத்தில் வெளியிடவும் செய்கின்றன. தெருவில் உள்ள பணமாற்றுக் கடை விலையைவிட இது பெரும்பாலும் நல்ல விலை. சில வங்கிகளின் விதிமுறைப்படி ரிங்கிட் முதலில் டாலராகவும் பிறகு ரூபாயாகவும் மாறும்.

இந்த நல்ல விலையின்மேல் இந்திய வங்கி தன் பங்கை ஏற்றுகிறது. அதற்கு வங்கிகள் வைத்திருக்கும் பெயர் ஃபாரெக்ஸ் மார்க்-அப். பல கார்டுகளில் இது 3.5 சதவீதம், விலை உயர்ந்த கார்டுகளில் 2 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு, மார்க்-அப்பே இல்லாத கார்டுகளும் இப்போது இந்தியாவில் கிடைக்கின்றன. மார்க்-அப் தொகைமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அதாவது 3.5 சதவீதம் என்று எழுதியிருப்பது கையைக் கடிக்கும்போது 4.13 சதவீதம். கணக்குக்கு வசதியாக ஒரு ரிங்கிட் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 300 ரிங்கிட் தேயிலைக்கு அடிப்படை விலை 6,000 ரூபாய். மார்க்-அப் 210, அதன்மேல் ஜிஎஸ்டி 37 ரூபாய் 80 காசு. ஆக 6,247 ரூபாய் 80 காசு. கார்டு வாங்கும்போது வரவேற்புப் புள்ளிகளையும் விமான நிலைய ஓய்வறையையும் பற்றி விளம்பரங்கள் பேசும் அளவுக்கு இந்த 4.13 சதவீதத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அது கட்டணப் பட்டியலின் பொடி எழுத்தில்தான் இருக்கும். புறப்படுமுன் அதைத் தேடிப் படிப்பது பயண ஏற்பாட்டின் ஒரு பகுதி.

கருவி கேட்கும் கேள்வி

சுற்றுலாப் பயணிகள் வரும் கடைகளிலும் விடுதிகளிலும் உள்ள பல கருவிகள், கார்டு எந்த நாட்டுடையது என்பதை அதன் எண்ணின் முதல் இலக்கங்களைக் கொண்டே கண்டுபிடித்துவிடும். உடனே திரையில் இரண்டு தொகைகள் தோன்றும். ஒன்று ரிங்கிட்டில், மற்றொன்று இந்திய ரூபாயில். எதில் கட்டுகிறீர்கள் என்று கேட்கும். பார்ப்பதற்கு உபசாரம் போலவே இருக்கும். பழகிய நாணயம், தெரிந்த தொகை, திருப்திதானே என்று பலரும் ரூபாயைத் தொட்டுவிடுகிறார்கள்.

ரூபாயைத் தொட்டால், மாற்று விலையை நிர்ணயிப்பது விசாவும் அல்ல, மாஸ்டர்கார்டும் அல்ல. கருவி கொடுத்த வங்கியும் அதற்குச் சேவை தரும் நிறுவனமும் தங்கள் விலையைப் போட்டுக்கொள்கின்றன. அந்த விலை பெரும்பாலும் 3 முதல் 8 சதவீதம் வரை கூடுதலாக இருக்கும். அதைத் தாண்டுவதும் உண்டு. அந்த லாபத்தில் கடைக்காரருக்கும் ஒரு பங்கு போவதால், அவரே வாடிக்கையாளரை அந்தப் பக்கம் திருப்புவதும் நடக்கிறது. கூடுதல் 6 சதவீதம் என்று வைத்தால், மேலே சொன்ன 6,000 ரூபாய் தேயிலை 6,360 ரூபாய் ஆகிவிடும்.

ரூபாயில் கட்டியாயிற்றே, இனி இந்திய வங்கியின் மார்க்-அப் இருக்காது என்று எண்ணினால் அதுவும் முழு உண்மையல்ல. கடை வெளிநாட்டில் இருப்பதால், ரூபாயில் பதிவான செலவுக்கும் பல இந்திய வங்கிகள் தனியாக 1 சதவீத அளவில் ஒரு கட்டணமும் ஜிஎஸ்டியும் வசூலிக்கின்றன. அதையும் சேர்த்தால் 6,360 என்பது 6,435 ரூபாய்க்குப் போய்விடுகிறது. ரிங்கிட்டில் கட்டியவருக்கு 6,248 ரூபாய். ரூபாயில் கட்டியவருக்கு 6,435. முதலில் சொன்ன இருநூறு ரூபாய் வித்தியாசம் இதுதான். மார்க்-அப் இல்லாத கார்டு வைத்திருப்பவர் ரூபாயைத் தொட்டால் நஷ்டம் இன்னும் பெரிது. எதற்காக அந்தக் கார்டைத் தேடி வாங்கினாரோ, அந்தப் பயன் முழுதும் ஒரு விரல் அசைவில் போய்விடுகிறது.

ஆகவே விதி எளிது: எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டு நாணயத்தில் கட்ட வேண்டும். இந்தத் தேர்வை வாடிக்கையாளரிடமே விட வேண்டும் என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியும்கூட. கடைக்காரர் கேட்காமலே ரூபாயை அழுத்திவிட்டால், பின் எண்ணைப் போடுமுன் நிறுத்தச் சொல்லலாம். ரசீது வந்துவிட்டாலும் அதை ரத்து செய்து மறுபடி ரிங்கிட்டில் போடச் சொல்லலாம். தானா ராத்தாவின் தமிழ் உணவகத்தில் இதற்கு ஆங்கிலம் தேடித் தவிக்க வேண்டியதில்லை. “அண்ணே, வெள்ளியிலயே போடுங்க” என்றால் போதும். ரசீதில் ‘ஐஎன்ஆர்’ என்ற எழுத்துகளும் ஒரு மாற்று விலையும் அச்சாகியிருந்தால் அது ரூபாயில் போட்டது. ‘ஆர்எம்’ அல்லது ‘எம்ஒய்ஆர்’ மட்டும் இருந்தால் ரிங்கிட். கல்லாவைவிட்டு நகருமுன் இதை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

இதே தந்திரம் வேறு இரண்டு இடங்களிலும் ஒளிந்திருக்கிறது. ஒன்று ஏடிஎம். ‘இந்த மாற்று விலையை ஏற்கிறீர்களா’ என்று அது கேட்கும். வேண்டாம் என்று சொன்னால் பணம் வராது என்ற பயத்தில் பலர் ஏற்றுவிடுகிறார்கள். மறுத்தாலும் பணம் வரும். மற்றொன்று விடுதி முன்பதிவு இணையதளங்கள். பிரிஞ்சாங் விடுதியின் வாடகையை ரூபாயில் காட்டும் தளம், அந்த ரூபாயைத் தன் சொந்த மாற்று விலையில் கணக்கிட்டிருக்கலாம். தளத்தின் நிறுவனம் வெளிநாட்டில் பதிவானது என்றால் வங்கியும் தன் கட்டணத்தைப் போடும். நாணயத்தை ரிங்கிட்டுக்கு மாற்றி, இரண்டு தொகையையும் ஒப்பிட்டபின் கட்டலாம்.

புறப்படுமுன்

வெளிநாட்டில் கார்டு செல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் மலேசியக் கடையில் இல்லை. இந்தியாவில் வீட்டிலேயே இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 15ல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, புதிதாகவோ மாற்றியோ தரப்படும் கார்டுகள் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடைக் கருவியிலும் மட்டுமே வேலை செய்யும்படி வர வேண்டும். வெளிநாட்டுப் பயன்பாடு, இணையப் பயன்பாடு, தட்டிக் கட்டும் வசதி ஆகியவற்றைக் கார்டுக்காரரே திறந்துகொள்ள வேண்டும். கொரோனா காலத்தில் சற்றுத் தள்ளிப்போய், 2020 அக்டோபர் முதல் இது நடைமுறைக்கு வந்தது. வங்கியின் செயலியில் ஒரு நிமிட வேலைதான். வெளிநாட்டுக்கென்று தனி வரம்பும் வைக்கலாம். அந்த வரம்பைத் தேவைக்கு அதிகமாகத் திறந்துவைப்பதும் தவறு; திருட்டு நடந்தால் அதுதான் எல்லை. ஊர் திரும்பிய அன்றே மூடிவிடுவது நல்ல வழக்கம்.

அடுத்தது கைபேசி எண். வங்கியின் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். கோலாலம்பூரில் இறங்கியதும் மலேசிய சிம்மைப் போட்டு, இந்திய சிம்மைக் கழற்றி உறைக்குள் வைப்பவர், இணையத்தில் பஸ் சீட்டு எடுக்கும் வேளையில் ஓடிபி வராமல் மாட்டிக்கொள்வார். குறுஞ்செய்தி பெறும் அளவுக்காவது ரோமிங் இருக்க வேண்டும். இரண்டு சிம் போடும் கைபேசி இங்கே கைகொடுக்கும். தேயிலைப் பள்ளத்தாக்குகளுக்குள் சமிக்ஞை விட்டுவிட்டு வரும் என்பதால், ஓடிபி தேவைப்படும் வேலைகளை மலையேறுமுன் முடிப்பது மேல்.

முத்திரையும் முக்கியம். விசாவும் மாஸ்டர்கார்டும் மலேசியாவில் பரவலாகச் செல்லும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பெரிய விடுதிகளில் செல்லும்; சிறிய கடைகளில் மறுத்துவிடுவார்கள். ரூபே சர்வதேசக் கார்டு வெளிநாட்டில் டிஸ்கவர், டைனர்ஸ் கிளப் வலையமைப்பை நம்பி ஓடுவது. அந்த முத்திரை உள்ள கருவி வேண்டும் என்பதால், மலைக்கு அதை மட்டும் நம்பிப் போவது சரியல்ல. இரண்டு வலையமைப்பில் இரண்டு கார்டுகள், இரண்டு வெவ்வேறு பைகளில் இருப்பது பழைய பயணிகளின் வழக்கம். ஒரு பை தொலைந்தாலும் விடுதிக் கணக்கைத் தீர்க்க ஒன்று மிஞ்சும்.

பின் எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டும். மலேசிய வங்கிகள் 2005லேயே சிப் கார்டுக்கு மாறிவிட்டன; 2017 ஜூலை 1 முதல் அந்நாட்டுக் கார்டுகளுக்குக் கையெழுத்து போய், ஆறு இலக்கப் பின் வந்தது. இந்தியக் கார்டுகளின் பின் நான்கு இலக்கம். கருவி அதை ஏற்கும். நான்கை அழுத்திவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் சரி. கார்டைத் தட்டினால் பின் இல்லாமலே 250 ரிங்கிட் வரை போகும். அதற்கு மேல் பின் கேட்கும். கார்டைக் கடைக்காரர் கையில் கொடுத்து உள்ளே கொண்டுபோக விடக் கூடாது. கருவியே மேசைக்கு வரும், அல்லது வாடிக்கையாளர் கல்லாவுக்குப் போகலாம்.

விடுதி, வண்டி, சாலை

மலை விடுதியில் அறைச் சாவி கைக்கு வருமுன் கார்டு கேட்பார்கள். அறைக்கு ஏதேனும் சேதம் வந்தாலோ சிற்றுண்டிக் கணக்கு பாக்கி நின்றாலோ எடுத்துக்கொள்வதற்காக ஒரு தொகையைப் பிடித்துவைப்பது வழக்கம். அது செலவல்ல, வரம்பில் அந்த அளவு இடம் அடைபட்டுக் கிடக்கும், அவ்வளவே. அறையைக் காலி செய்தபின் விடுதி அதை விடுவித்தாலும், இந்திய வங்கிக் கணக்கில் அது மறையச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். இதனால்தான் விடுதியிலும் வாடகைக் கார் நிறுவனத்திலும் டெபிட் கார்டைவிட கிரெடிட் கார்டு நல்லது. டெபிட் கார்டில் அடைபடுவது சொந்தப் பணம். கடைசிக் கணக்குக்குக் கார்டைப் புதிதாகத் தட்டும்போது, பிடித்துவைத்த தொகையை விடுவித்ததற்கான சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

முன்பதிவில் முழு வாடகையும் கட்டியவரிடமும் கல்லாவில் பணம் கேட்டால் அது மோசடி என்று எண்ண வேண்டாம். மலேசியா 2017 செப்டம்பர் 1 முதல் வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குகிறது. முன்பதிவுத் தளமே அதைச் சேர்த்து வாங்கியிருந்தால் மறுபடி கட்ட வேண்டியதில்லை, ரசீதில் பார்த்துக்கொள்ளலாம். விடுதி வாடகைக்கான சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 6லிருந்து 8 சதவீதமாக உயர்ந்தது. உணவுக்கு 6 சதவீதமாகவே நிற்கிறது. இது தவிர விடுதி தானாகப் போடும் சேவைக் கட்டணம் 10 சதவீதம் வரை இருக்கலாம்.

கேமரன் மலைக்கு விமானமும் ரயிலும் இல்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வந்து தாப்பாவிலோ, ஈப்போவுக்கு அருகே சிம்பாங் பூலாயிலோ பிரிந்து ஏற வேண்டும். நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் ரொக்கம் வாங்குவதில்லை. பெரும்பாலும் டச் என் கோ என்ற முன்பணக் கார்டுதான் ஆட்சி செய்கிறது. வாடகைக் காரோடு அந்தக் கார்டும் வருகிறதா, அதில் இருப்பு எவ்வளவு என்பதைக் கார் எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். பெட்ரோல் பங்கில் சொந்தமாக நிரப்பும் குழாயில் கார்டை நுழைத்தால், போடுவது 50 ரிங்கிட்டுக்கு என்றாலும் 200 ரிங்கிட் வரை முதலில் பிடித்துவைக்கும். உள்ளே கல்லாவில் தொகையைச் சொல்லிக் கட்டிவிட்டு வந்தால் அந்தத் தொல்லை இல்லை. மலையேறுமுன் டேங்கை நிரப்பிக்கொள்வது வேறு காரணத்துக்காகவும் நல்லது. மேலே பங்குகள் குறைவு.

சோளக்கடையும் ரொக்கமும்

மலேசியாவின் சிறு கடைகளில் மேசைமேல் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கியூஆர் அட்டை நிற்கும். பேநெட் நிறுவனம் 2019ல் கொண்டுவந்த டுவிட்நவ் கியூஆர் அது. நம் ஊர் யுபிஐ போல, எந்த மலேசிய வங்கியின் செயலியிலிருந்தும் அதில் பணம் அனுப்பலாம். தாய்லாந்து, இந்தோனேசியா, சிங்கப்பூர் நாடுகளின் செயலிகளோடும் அதற்கு இணைப்பு உண்டு. இந்திய கிரெடிட் கார்டுக்கு அதில் நேரடி வழி இல்லை. யுபிஐ 2024 பிப்ரவரியில் இலங்கைக்கும் மொரீஷியஸுக்கும் போயிற்று. மலேசியாவில் ஏற்கச் செய்யும் ஏற்பாடுகளும் நடக்கின்றன. அதற்காக, மலைச் சாலையின் சோளக்கடை வரை அது வந்துவிட்டது என்று நம்பிக் கையை வீசிக்கொண்டு போவது புத்திசாலித்தனமல்ல. அந்தக் கடைகளுக்கு 10, 20 வெள்ளித் தாள்களே சிறந்தவை.

ரொக்கத்துக்குக் கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் நுழைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. கடையில் தட்டினால் பில்லின் கெடு வரை வட்டி இல்லை. ஏடிஎம்மில் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். பல வங்கிகளில் அது மாதம் 3.5 சதவீதத்தைச் சுற்றி இருக்கிறது. எடுத்த தொகையில் 2.5 சதவீதம் அல்லது குறைந்தது 500 ரூபாய் என்ற அளவில் பணமெடுப்புக் கட்டணம், அதன்மேல் மார்க்-அப், எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி. 100 ரிங்கிட், அதாவது 2,000 ரூபாய் எடுப்பவர், 500 ரூபாய்க்கு மேல் கூலி கொடுக்கிறார். வட்டிக்கடைக்காரர்கூட இதைப் பார்த்தால் வெட்கப்படுவார். அவசரத்துக்கு டெபிட் கார்டில் எடுக்கலாம். அதற்கும் கட்டணம் உண்டு, ஆனால் வட்டி இல்லை. தானா ராத்தாவின் பிரதான சாலையில் வங்கிகளும் ஏடிஎம்களும் இருக்கின்றன. தோட்டங்களுக்குள் எதிர்பார்க்கக் கூடாது.

இதைவிட, கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா, பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிகளின் பணமாற்றுக் கடைகளில் ஓரிரு இடம் விலை கேட்டு மாற்றிக்கொண்டு மலையேறுவது மேல். இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை அந்நிய நாணயத் தாள்களாகக் கொண்டுபோகலாம். இந்திய ரூபாய்த் தாள் என்றால் 25,000 வரை. முன்பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு இன்னொரு வழி. ஆனால் அந்தக் கார்டில் ரிங்கிட் இருக்கிறதா என்று கேட்டே வாங்க வேண்டும். டாலர் ஏற்றிய கார்டை மலேசியாவில் தட்டினால் குறுக்கு மாற்றுக் கட்டணம் விழும், கிரெடிட் கார்டோடு ஒப்பிட லாபம் ஒன்றும் மிஞ்சாது.

சில்லறை விஷயம் ஒன்று: மலேசியாவில் 1 சென் காசு புழக்கத்தில் இல்லாததால், 2008 ஏப்ரல் முதல் ரொக்க பில்கள் 5 சென்னின் மடங்குக்குத் திருத்தப்படுகின்றன. கார்டில் கட்டினால் திருத்தம் இல்லை. கடையில் சொன்ன தொகைக்கும் ரசீதுக்கும் இரண்டு சென் இடித்தால் காரணம் இதுவே.

சட்டமும் வரியும்

ஒரு காலத்தில் வெளிநாடு போகும் இந்தியருக்கு எட்டு டாலர்தான் அனுமதி. 2000 ஜூன் 1ல் நடைமுறைக்கு வந்த ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அந்த இறுக்கத்தைத் தளர்த்தியது. இன்று ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் செய்யும் செலவு இந்த வரம்பில் சேராது. இடையில் 2023 மே 16ல் மத்திய நிதி அமைச்சகம் அதையும் வரம்புக்குள் கொண்டுவந்தது. அப்படியானால் கார்டுச் செலவுக்கும் டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரிப் பிடித்தம் வரும் என்று பெரும் எதிர்ப்பு கிளம்பியது. ஜூன் 28ல் அமைச்சகம் அதைத் தள்ளிவைத்தது. அதனால் மலையில் கிரெடிட் கார்டைத் தட்டுவதற்கு டிசிஎஸ் இல்லை. டெபிட் கார்டும் ஃபாரெக்ஸ் கார்டும் வரம்புக்குள் வருகின்றன. ஆனால் தொகை ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் டிசிஎஸ் என்பதால், சாதாரணக் குடும்பப் பயணத்தை அது தொடுவதில்லை.

ஊர் திரும்பியபின்

ரசீதுகளைப் பில் வரும் வரை வைத்திருக்க வேண்டும். ரிங்கிட் தொகை ரசீதோடு பொருந்துகிறதா, விடுதி பிடித்துவைத்தது விடுபட்டதா, ரூபாயில் பதிவான செலவு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். திருப்பிக் கொடுத்த பொருளுக்கான பணம் வேறு நாள் விலையில் வருவதால், கட்டிய அதே ரூபாய் திரும்ப வராது. வெளிநாட்டு இணையதளங்கள் ஓடிபி கேட்காமலே கார்டில் பணம் எடுக்க முடியும் என்பதால், தெரியாத சிறு தொகை ஒன்று பில்லில் இருந்தாலும் கவனிக்க வேண்டும். திருடர்கள் கார்டு வேலை செய்கிறதா என்று முதலில் சிறு தொகையில்தான் சோதித்துப் பார்ப்பார்கள். பில் முழுவதையும் கெடுவுக்குள் கட்டுவது அவசியம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தாண்டும் வட்டியில் அந்தத் தேயிலை உலகிலேயே விலை உயர்ந்த தேயிலை ஆகிவிடும்.

கார்டு தொலைந்தாலோ சந்தேகச் செலவு தெரிந்தாலோ செயலியிலேயே உடனே முடக்கிவிட்டு, வங்கிக்குப் புகார் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு கார்டுக்காரருடையதும் அல்ல, வங்கியினுடையதும் அல்ல என்றால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் சொன்னவருக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 வேலை நாட்கள் என்றால் பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு: 5 லட்சம் ரூபாய் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு அது 10,000 ரூபாய், அதற்கு மேற்பட்ட வரம்பென்றால் 25,000. ஏழு நாள் தாண்டினால் வங்கியின் கொள்கைப்படி. பின் எண்ணையோ ஓடிபியையோ தானே சொல்லிக் கொடுத்தவருக்கு, புகார் செய்யும் வரையிலான நஷ்டம் அவருடையதே. கேட்காமலே ரூபாயில் போட்ட பில்லுக்கும் வங்கியிடம் ஆட்சேபம் எழுப்பலாம். அதற்கு ரசீதின் நகல் தேவை. வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.